மார்லா பார்க்காத ஊர்கள்

மார்லாவோடு ஊர் சுற்றப் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. நான், மார்லா, கெயில் மூவரும் நெப்ராஸ்காவில் ஒரே பள்ளிக்குப் பேருந்து ஓட்டுகிறோம். கோடை விடுமுறை விட்டதும் புருஷன்மாரை வீட்டில் போட்டுவிட்டு ஏதாவதொரு பெரிய நகரத்துக்குப் போய்விடுவோம். எந்த நகரம் என்று முடிவு செய்வது எப்போதும் மார்லாதான். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, "இந்தத் தடவ சியாட்டில்" என்பாள். ஏன் என்று கேட்டால், "அங்க மீன் நல்லாருக்கும்" என்பாள். மீன் என்றாலே மூக்கைப் பொத்துகிறவள்!

அவளே தேர்ந்தெடுத்த ஊரை அவள் பார்க்க மாட்டாள், அதுதான் வேடிக்கை. சியாட்டில் கோபுரத்துக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியாயிற்று. "நீங்க போங்கடி, எனக்குத் தல சுத்தும்" என்று கீழேயே நின்றுவிட்டாள். நாங்கள் இறங்கி வந்தால் ஆளைக் காணோம். தேடிப்போனால், பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டுக் கிடக்கிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். லாஸ் ஏஞ்சல்ஸில் நடைபாதையெல்லாம் நட்சத்திரம் பதித்த தெருவில் கெயில் ஒவ்வொரு பெயராகத் தேடிப் படமெடுத்தாள். இவளோ சுவரோரம் படுத்திருந்தவர்களின் முகங்களைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். சாப்பாட்டுக் கடையிலும் அதே கதைதான். பெரிய தட்டாகக் கேட்பாள், பாதியைத் தொட மாட்டாள், மிச்சத்தை அட்டைப்பெட்டியில் கட்டி வாங்கித் தெருவில் யாருக்காவது கொடுப்பாள்.

"ஏண்டி, நீ ஊர் பாக்க வந்தியா, ஊருக்கு ஊழியம் பண்ண வந்தியா?" என்று கெயில் கேட்பாள்.

"ரெண்டுக்கும்தான்னு வச்சுக்கோயேன்" என்று மார்லா சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். வருஷம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டு வண்டி ஓட்டிவிட்டு, கிடைக்கிற நாலு நாளை இவளைத் தேடுவதிலேயே தொலைக்க வேண்டுமா?

அவளுக்கு டஸ்டின் என்று ஒரே மகன். அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் வேலை, கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நாங்களும் நம்பினோம். அவள் புருஷன் வெய்ன், மகன் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகாத வீடு எங்கள் ஊரில் நிறைய உண்டு. அதில் இதுவும் ஒன்று என்று இருந்துவிட்டோம்.

போன கோடையில் சான் பிரான்சிஸ்கோ. மேடேறி இறங்கும் டிராமின் பக்கவாட்டுப் படியில் தொங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்க்கொண்டிருந்தோம். விரிகுடாவைச் சுற்றிவிட்டுப் பெரிய பாலத்துக்கு அடியில் போய்த் திரும்புகிற படகு. எனக்கு அந்த ஊரில் வேண்டியது அது ஒன்றுதான். ஒரு தெருமுனையில் வண்டி நின்றது. மார்லா குதித்தாள். குதித்தவள் சந்துக்குள் ஓட ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி!" என்று நானும் குதித்தேன். கெயில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது மார்லா ஒருவன் போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். போர்வை விலகியது. நரைத்த தாடியோடு யாரோ ஒரு கிழவர். "என்னம்மா வேணும் உனக்கு?" என்று கத்தினார்.

"மன்னிச்சுக்குங்க. வேற ஆளுன்னு நெனச்சுட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்காடி? படகு போச்சு! வருஷா வருஷம் உன் பின்னால அலையறதுக்குத்தான் நாங்க லீவு எடுத்துட்டு வர்றோமா? என்னதான் தேடற, சொல்லித் தொலையேன்!"

அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் புள்ளைய" என்றாள்.

கப்பலும் இல்லை, அலாஸ்காவும் இல்லை. கூரை வேலையில் விழுந்து முதுகு அடிபட்டவனுக்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. வீட்டில் திருட்டு, பொய், சண்டை. வெய்ன் ஒருநாள் அவனை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார். அதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு மட்டும் யாருடைய கைபேசியையாவது வாங்கி அம்மாவைக் கூப்பிடுவான். ஊர்ப் பெயரைச் சொல்வான், தெருவைச் சொல்ல மாட்டான். கோடையில் இவள் எங்களையும் இழுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் வேறெங்கோ போயிருப்பான்.

"எங்ககிட்டக்கூட சொல்லலியேடி" என்றாள் கெயில். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சொன்னா நம்ம ஊர்ல அவன என்னன்னு பேசுவாங்க? நாளைக்கு அவன் திரும்பி வந்து அதே தெருவுல நடக்கணுமே."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. அவள் கைபேசியில் இருந்த டஸ்டின் படத்தை எங்கள் கைபேசிகளுக்கும் அனுப்பிக்கொண்டோம். இரண்டு நாள் சந்து சந்தாக அலைந்தோம். பாலத்தையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு தேவாலயத்து வாசலில் இலவசச் சாப்பாட்டுக்கு நின்ற வரிசையில் அவன் இருந்தான். என் வண்டியில் முன் இருக்கைக்குச் சண்டை போட்டுப் பள்ளிக்கு வந்த பையன். மார்லா காட்டாவிட்டால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது, அவ்வளவு காய்ந்துபோயிருந்தான்.

மார்லா ஓடவில்லை. மெல்ல நடந்துபோய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா? நீ எங்க இங்க?"

"ஃப்ரெண்ட்ஸோட ஊர் சுத்திப் பாக்க வந்தேன்டா."

அவன் எங்களைப் பார்த்தான், பிறகு அவளை. "நல்லது. நீதான் எங்கயுமே போனதில்லியே. பாலத்தப் பாத்தியா?"

"இன்னும் இல்ல."

"சீக்கிரம் போய்ப் பாரு. சாயங்காலம் மூடுபனி எறங்கிரும்."

"வீட்டுக்கு வாடா, டஸ்டின்."

"எந்த வீட்டுக்கு? அந்தாளு இருக்கற வீட்டுக்கா?" அவன் குரல் ஏறியது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ இப்பிடிக் கூப்பிடுவேன்னுதான் நான் எந்தத் தெருவுல இருக்கேன்னு சொல்றதில்ல. போயிரும்மா. ஊருக்குப் போ."

வரிசை நகர்ந்தது. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தான்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போகும் வேன் விடுதி வாசலில் நின்றது. கெயில் பெட்டியும் என் பெட்டியும் ஏறிவிட்டன. மார்லா வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"நான் வரலடி."

"வெளையாடாத. வண்டில ஏறு."

"நான் கெளம்பினா அவனும் கெளம்பிருவான், ரோண்டா. அப்பறம் டிசம்பர் வரைக்கும் உசுரோட இருக்கானா இல்லியான்னு தெரியாம நான் இருக்கணும். என்னால முடியாதுடி."

"வேல? வீடு? வெய்னுக்கு நான் என்னடி பதில் சொல்றது?"

"ஊர் பாக்கப் போனவ இன்னும் பாத்து முடிக்கலன்னு சொல்லு."

கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். நடுத்தெருவில் நின்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது பள்ளி திறந்துவிட்டது. அவள் பேருந்தை வேறொருத்தி ஓட்டுகிறாள். வெய்னிடம் அவள் சொன்னதைச் சொன்னேன். அவர் என் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். மார்லா அங்கே நாலு பெண்கள் தங்கும் ஒரு அறையில் இருக்கிறாள். மதியமானால் அந்தச் சாப்பாட்டு வரிசையில், டஸ்டினுக்குப் பின்னால் தானும் ஒருத்தியாக நிற்கிறாள். இதைக் கேட்டபோது எனக்கு மனசு ஆறவில்லை. "பிச்சைக்கார வரிசையிலயாடி போய் நிக்கற?" என்று போனில் கத்திவிட்டேன்.

"வரிசைல நின்னாத்தான் அவன் பக்கத்துல நிக்க முடியுது" என்றாள். முதல் நாள் அவளைப் பார்த்ததும் கண்டபடி திட்டிவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டானாம். அப்புறம் பல நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்று, வாங்கி, தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

போன வாரம் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. என்ன ஆச்சோ என்று பயந்துபோனேன்.

"இன்னிக்கு பஸ் லேட்டாயிருச்சு ரோண்டா. வரிசை அந்தத் தெருமுன வரைக்கும் போயிருச்சு. கடைசில போய் நிக்கலாம்னு போறேன், அவன் கையக் காட்டிக் கூப்பிடறான்டி. எனக்கு எடம் புடிச்சு வச்சிருந்தான்."