இரண்டாவது தொடர்பாளர்

மலேசியாவில், கெப்பாலா பத்தாஸ் அரசாங்க அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த பத்மாவதியிடம் முதல் தடவையிலேயே விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர் யாராவது இருந்தால், அவரை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் போதும், பாரம் கவுண்டருக்கு வெளியே வந்துவிடும். "முழுசா நெரப்பிட்டு வாங்க." அவ்வளவுதான். கெஞ்சினாலும் நடக்காது, கத்தினாலும் நடக்காது. அந்த ஊரில் அவளைத் திட்டாத ஆள் கிடையாது. லஞ்சம் வாங்கினாள் என்று சொன்ன ஆளும் கிடையாது.

ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பினாங்கில் கிரீன் லேன் வீட்டோடு இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. அப்பா ஐயாத்துரை அவளுடைய இருபத்தொன்றாம் வயதிலேயே போய்விட்டார். அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பியதும் அவள்தான். தம்பி பரமநாதன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் எஞ்சினியர். அவனை எஞ்சினியர் ஆக்கியது எவருடைய சம்பளம் என்பதை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானாவது சொல்லிவைக்கிறேன்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கறித்தூள் செய்ய ஆரம்பித்தாள். யாழ்ப்பாணத்து முறையில் கறிவேப்பிலையோடு கருக வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்த தூள். கூட வேலை பார்த்தவரின் மகள் லண்டனுக்குப் படிக்கப் போனபோது இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண் அங்கே யாருக்கோ கொடுக்க, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, மூன்று வருடத்தில் லண்டன், பெர்த், டொரொண்டோ என்று தொண்ணூறு வீடுகளுக்குப் பார்சல் போனது. அத்தனை பேரும் கடிதத்தில் 'அன்புள்ள ஆண்ட்டி' என்றுதான் எழுதுவார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

1999-ஆம் வருடம், கடிதமெல்லாம் எதற்கு ஆண்ட்டி, ஒரு வெப்சைட் போடுங்கள், அங்கேயே ஆர்டர் எழுதிவிடுகிறோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பத்மாவதி பயப்படவில்லை. ஒரு கம்ப்யூட்டரும், வெப்சைட் எழுதும் குறிகளைச் சொல்லித்தரும் ஒரு தடிப் புத்தகமும் வாங்கினாள். சுருக்கெழுத்து படித்தவளுக்கு அந்தக் குறிகள் எல்லாம் ஒரு பொருட்டா! இரண்டு மாதத்தில் ஆறு பக்கம் எழுதி முடித்துவிட்டாள். தூளின் படம், விலை, ஆர்டர் எழுதும் இடம் எல்லாம் கச்சிதமாக வந்திருந்தன. என்ன, அவள் வீட்டு ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் தெரிந்தது. உலகம் பார்க்க வேண்டுமானால், இரவும் பகலும் அணையாத ஒரு கம்ப்யூட்டரில் அந்தப் பக்கங்களுக்கு இடம் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். ஹோஸ்டிங் என்று அதற்குப் பெயர்.

நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு இடம் தேடினாள். முதலில் இலவசமாக இடம் தரும் ஒன்று. சும்மா வருகிறதே என்று பக்கங்களை ஏற்றிப் பார்த்தாள். தூளின் படத்துக்கு மேலே மாட்டிறைச்சி பர்கர் விளம்பரம் பளிச் பளிச்சென்று மின்னியது. "ஐயோ, அம்மா படத்த வெச்சிருக்கிற வீட்டுலயா!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு அன்றைக்கே அழித்தாள். அடுத்தது அமெரிக்கக் கம்பெனி. நல்ல பெயர், ஆனால் டாலர். மூன்றாவது, பர்மா ரோட்டில் ஒரு கடை வீட்டின் மேல்மாடியில் இருந்த உள்ளூர்க் கம்பெனி.

அங்கே படியேறிப் போனதும் கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க."

உட்காருங்க என்று ஒருவர் தன்னைச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று பத்மாவதிக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் நூர்ஜான், இருபத்தைந்து வயது இருக்கும். அவள் ஆறு பக்கங்களையும் திறந்து பார்த்தாள்.

"யாருக்கா செஞ்சு குடுத்தா?"

"நானேதான்."

"அல்லா! பொய் சொல்லாதீங்க லா!" என்று சிரித்தாள். "எங்க பாஸுக்கே இவ்ளோ சுத்தமா வராது. மாசம் முப்பத்தஞ்சு வெள்ளி வாடகைக்கா. அமெரிக்காவுல எடுத்தீங்கன்னா டபுளுக்கு மேல ஆவும், கணக்குப் போட்டுப் பாருங்க."

பத்மாவதி போட்டுப் பார்க்கவில்லை. இந்த இடம்தான் என்று உட்காரும்போதே முடிவு செய்துவிட்டாள். ஏதாவது கோளாறு என்றால் பஸ் பிடித்து வரலாம், வந்தால் பேசலாம். மனதுக்குள் அப்போதே இரண்டு மூன்று கோளாறுகளைக் கண்டுபிடித்துக்கூட வைத்துக்கொண்டாள், கள்ளி.

நூர்ஜான் பாரத்தைக் கொடுத்தாள். பத்மாவதியின் பேனா மளமளவென்று ஓடி ஒரு கட்டத்தில் நின்றது. 'இரண்டாவது தொடர்பாளர்: பெயர், ஈமெயில்.'

"இது என்னம்மா?"

"ஆஸ்பத்திரில வாரிஸ் பேரு கேப்பாங்கல்ல, அது மாதிரிதான்கா. நீங்க கெடைக்கலன்னா நாங்க கூப்புட ஒரு ஆளு. முன்ன இது கெடையாது. நிபோங் திபால்ல செடி விக்கிற ஒரு அங்கிள் இருந்தாரு. மௌத்தாயிட்டாரு, அவரு எறந்ததே எங்களுக்குத் தெரியாது. எட்டு மாசம் அந்த சைட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. செடி வேணும், செடி வேணும்னு ஜனங்க எழுதிக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் பாஸ் இத வெச்சிட்டாரு. அவங்க சரின்னு ஈமெயில்ல சொன்னாதான் சைட்ட தொறப்போம்."

எட்டு மாதம்! அந்தச் செடிக்காரருக்கு யாருமே இல்லையா என்று பத்மாவதி கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். கட்டத்தில் 'பரமநாதன் ஐயாத்துரை, தம்பி' என்று எழுதினாள். பொய்யில்லையே, வாரிஸ் அவன்தானே. அவனிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வர வேண்டுமே! ஏழு மாதமாக அவள் எழுதிய கடிதம், ஈமெயில் எதற்கும் பதில் இல்லை. அவனுக்கு வேலை அதிகம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நம்பிக்கை இருந்ததா என்று என்னைக் கேட்டால், பாதி பாதி.

மறுநாளே போன் வந்தது. "அக்கா, ஒரு நட வந்துட்டுப் போறீங்களா?" நூர்ஜானின் குரலில் முதல் நாள் இருந்த சிரிப்பைக் காணோம்.

போனதும் அச்செடுத்த ஒரு தாளைக் கவுண்டர் மேல் வைத்தாள். பரமநாதன் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். என் அனுமதி இல்லாமல் என் பெயர் தரப்பட்டிருக்கிறது. என் சகோதரியின் வியாபார விஷயங்களுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. தயவுசெய்து என் பெயரை நீக்கிவிடவும். நன்றி.

பத்மாவதி இரண்டு தடவை படித்தாள். தப்பு ஒன்றும் இல்லை, மரியாதையான கடிதம்தான். மேலே இருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தாள். கம்பெனி எழுதிய மூன்றாவது மணி நேரத்தில் பதில் போட்டிருக்கிறான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"பிஸியா இருப்பாருக்கா," என்றாள் நூர்ஜான். "வேற யாராச்சும் பேரு குடுங்க. பக்கத்து வீட்டுல? கோயில்ல?"

பத்மாவதி யோசித்தாள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் போன வருடம்தான் வீட்டை விற்றுவிட்டுப் போனார். கோயிலில் அவளை எல்லாருக்கும் தெரியும், 'பிரசாதத்துக்கு உதவி செய்யிற அந்தம்மா' என்று மட்டும்.

"சும்மா ஒரு பேரு போடுங்கக்கா," என்று குரலைத் தணித்தாள் நூர்ஜான். "ஈமெயில் நானே ஒண்ணு தொறந்து, நானே சரின்னு போட்டுடறேன். பாஸுக்குத் தெரியாது."

"பாரத்துலயா? அப்படியெல்லாம் செய்யக் கூடாதும்மா," என்றாள் பத்மாவதி. குரலில் கெப்பாலா பத்தாஸ் கவுண்டர் அப்படியே இருந்தது. தாளையும் பாரத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

மத்தியானம் கோலாலம்பூருக்குப் போன் போட்டாள். அருந்ததி அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது மகன் வீட்டில் இருந்தாள். பேரனுக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள், மருமகள் சமைப்பதே இல்லை என்று சொன்னாள், மறுபடியும் பல்லுக்கு வந்தாள். இருபது நிமிடம் கழித்துத்தான், "அது சரி, நீ ஏன் கூப்ட? எதாச்சும் விஷயமா?" என்றாள்.

ஒரே ஒரு பெயர், அவ்வளவுதான் கேட்க வேண்டும். அருந்ததி மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் ஏன் தம்பி பெயரைப் போடவில்லை என்று கேட்டிருப்பாள். அதற்கு என்ன சொல்ல? அவன் என்னை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான் என்றா?

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்ட்டேன்."

"நல்லாருக்க இல்ல?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அமெரிக்கக் கம்பெனியின் பாரத்தைத் திறந்து, கடைசிக் கட்டம் வரை நிதானமாகப் பார்த்தாள். பெயர், முகவரி, கடன் அட்டை எண். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அந்தக் கம்பெனிக்கு அக்கறையே இல்லை. பேங்கில் வற்புறுத்திக் கொடுத்த, அதுவரை தொடாத அட்டையை எடுத்து, எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் நூர்ஜான் கூப்பிட்டாள். "அக்கா, பாரம் என்னாச்சு? பேரு கெடச்சிச்சா? பாஸ்கிட்ட உங்க சைட்டப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன்."

"வேற எடத்துல எடுத்துட்டேன்மா. அமெரிக்காவுல."

"ஏன்க்கா?"

"வெல கம்மிம்மா. அதான்."

நூர்ஜான் மெல்லச் சொன்னாள்.

"ஆமாக்கா. அங்க கம்மிதான்."