ஞாயிற்றுக்கிழமை வாங்கிய சாளை

சாளை மீன் பொரிக்கும்போது எழும்புகிற மணத்துக்கு வெட்கம் என்பதே கிடையாது. வேலியைத் தாண்டும், கிணற்றைச் சுற்றும், பக்கத்து வீட்டுக்காரன் தட்டில் இருப்பது வெறும் துவையல்தான் என்று அவனுக்கே நினைவூட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். கருங்கல் சந்தைக்கு நடந்து போய்வருகிற தூரத்தில் இருந்த எங்கள் ஊரில் அதற்கு எல்லா நாளும் அந்தச் சுதந்திரம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை தவிர. நாங்கள் வெள்ளைக்கார மிஷனரி கட்டின கோயிலைச் சேர்ந்தவர்கள். ஓய்வுநாளில் கடை திறக்கமாட்டோம், காசு கொடுத்து ஒன்றும் வாங்கமாட்டோம். சனிக்கிழமை சாயங்காலமே தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, அம்மியைக் கழுவிவிட்டால் திங்கட்கிழமை வரை அம்மிக்கும் ஓய்வு. ஞாயிறன்று சோறு வடிக்கலாம், குழம்பைச் ‘சூடாக்கலாம்’. அதற்கு மேல் போனால் பாவம். சூடாக்குவதற்கும் சமைப்பதற்கும் நடுவில் உள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பது எங்கள் பெண்களுக்கு மோசேயைவிட நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு ஞாயிறு மதியம், கோயிலை ஒட்டிப் போதகர் குடியிருந்த பங்களாவின் பின்பக்கத்திலிருந்து சாளை பொரிக்கிற மணம் வந்தது.

அதை முதலில் பிடித்தது என் பெரியப்பா நேசையனின் மூக்கு. கோயிலில் மறந்து வைத்த குடையை எடுக்கப் போனவர், மணம் வந்த பக்கம் எட்டிப் பார்த்தால், மீன்காரி ஒருத்தி வெறும் கடவப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிப் போகிறாள். கடற்கரைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்குவதில்லை என்பதால், அது சனிக்கிழமை விலைபோகாமல் கிடந்த மீனாகத்தான் இருக்கவேண்டும் என்று அவரே முடிவு செய்து, ஓய்வுநாளை மீறினது ஒரு குற்றம், அழுகின சாளையை வாங்கினது அதைவிடப் பெரிய குற்றம் என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். குடையை மறுபடியும் கோயிலிலேயே விட்டுவிட்டார்.

பெரியப்பாவுக்குப் போதகர்களைக் குறை சொல்வது வெற்றிலை போடுவது மாதிரி, நேரத்துக்கு வேண்டும். போதகரை ஊரில் ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம். ஒரு ஐயர் பிரசங்கத்தை நீட்டுகிறார் என்றார், அடுத்தவர் சுருக்குகிறார் என்றார். ஒருவர் வீடு சந்திக்க வருவதில்லை, இன்னொருவர் வந்தால் எழும்புவதில்லை. புதிதாக வந்த இந்த ஐயர்மேல் மட்டும் சொல்வதற்கு ஒன்றும் அகப்படாமல் மனிதர் வாடிப்போயிருந்தார். மெலிந்த ஆள், பழைய சைக்கிள், குரலும் மெலிவு, யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்பவர். அவரைப் பற்றி என்னதான் சொல்ல முடியும்? அதனால் அந்தச் சாளை பெரியப்பாவுக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னாவாக இருந்தது.

என் அப்பா தாசையன், பெரியப்பாவுக்கு ஒரே தம்பி. சந்திப்பில் சாயக்கடை வைத்திருந்தார். அண்ணன் எதைத் தள்ளுகிறாரோ அதைத் தாங்குவதுதான் அவருக்கு முதல் தொழில், சாயா ஆற்றுவது இரண்டாவது. திங்கட்கிழமை காலையில் கடை நிறைய ஆள் இருக்கும்போது சங்கதி காதில் விழுந்ததும், கையிலிருந்த கிளாசை வைத்துவிட்டு, "எங்க ஐயரு ஓய்வுநாள்ல மீன் வாங்கியிருந்தா நான் மீசைய எடுக்கேன்" என்றார். அப்பாவுக்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மீசை மட்டும் நல்ல மீசை.

அன்று முதல் ஊர் இரண்டாகப் பிரிந்தது. எனக்கு அப்போது உலகத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம், ஐயர் எங்கள் கட்சி என்பதுதான். பெரியப்பா வீடு எங்கள் வீட்டை ஒட்டினது, நடுவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அங்கே என் வயதில் எஸ்தர் என்று ஒரு மகள். குடும்பத்து நிறமும் தலைமுடியும் அவள் பங்குக்குப் போய்விட்டன. எனக்கு வாய் வந்தது. அவளிடம் இல்லாத ஒன்று கடைசியில் என்னிடம் இருந்தது: ஐயர் எங்கள் ஆள்.

அடுத்த சபைக்கூட்டத்தில், ஆராதனை முடிந்து ஜனங்கள் பெஞ்சிலேயே இருக்கும்போது பெரியப்பா எழுந்து நின்றார். முகத்துக்கு நேரே கேட்கிற தைரியம் அவருக்கு உண்டு, அதைச் சொல்லியாகவேண்டும்.

"ஐயரு ஓய்வுநாள்ல மீன் வாங்கினது உண்டா, இல்லியா?"

ஐயர் வாய் திறப்பதற்குள் அப்பா துள்ளி எழுந்து, "அண்ணே, கோயிலுக்க உள்ள நின்னு பொய் பறையாதயும்" என்றார்.

"தாசையா, நீரு இரியும்" என்றார் ஐயர். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, அதே மெலிந்த குரலில் சொன்னார்: "வாங்கினேன். நீரு கண்டது நேருதான். அந்தப் பிள்ளைக்கு மீன் வித்துப்போவல்ல, வீட்டுல கொழந்தைக்குச் சொகமில்லண்ணு வாசல்ல வந்து நின்னா. வாங்கினேன். அன்னைக்கே சபையில நானே சொல்லியிருக்கணும், சொல்லாம இருந்தது எனக்கத் தப்பு. சபை மன்னிக்கணும்."

சண்டைக்கு இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு, எதிரே ஆள் இல்லை. ஆனாலும் விடாமல், இனிமேல் வாங்கமாட்டேன் என்று ஐயர் சபைக்கு வாக்குத் தரவேண்டும் என்று கேட்டார். அப்போதுதான் அந்த மெலிந்த குரலுக்குள் எலும்பு இருப்பது தெரிந்தது.

"அந்த வாக்கு தரமாட்டேன். அவ வந்து நின்னா இன்னும் வாங்குவேன். வாங்கினா அன்னைக்கே உம்மட்ட வந்து சொல்லுதேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். அதற்குப் பிறகு கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது ஐயரையும் இல்லை, பெரியப்பாவையும் இல்லை, என் அப்பாவின் மேலுதட்டை.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் மீசை போனது. அதற்கடியில் இப்படி ஒரு முகம் இருந்தது என்று தெரிந்திருந்தால் கல்யாணத்துக்கே சம்மதித்திருக்கமாட்டேன் என்று அம்மா முந்தானைக்குள் சொல்லிக்கொண்டாள். சாயக்கடையில் பால் குடிக்கிறீர்களா என்று கேட்டு ஆட்கள் சிரித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெரியப்பாவும் சிரித்தார். அப்பாவுக்கு ஐயர்மேல் கோபம் வரவில்லை, ஐயர்மேல் கோபிக்க அவருக்குத் தெரியாது. வந்த கோபம் முழுவதையும் அண்ணன்மேல் இறக்கினார். பேச்சை நிறுத்தினார். கிணற்றில் தனிக் கயிறு போட்டார். அந்த வீட்டுக் கயிற்றை நாங்கள் தொடக்கூடாது, எங்கள் கயிற்றை அவர்கள் தொடக்கூடாது. தண்ணீர் மட்டும் ஒன்றுதான்.

பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மீன்காரி மறுபடியும் ஒரு ஞாயிறு வந்து நின்றாள். ஐயர் வாங்கினார். சொன்னபடியே சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு வந்து, இன்றைக்கும் வாங்கினேன் என்று அறிவித்தார். வந்தவரை நிற்கவைக்க முடியுமா? நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். பெரியப்பா குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், ஐயர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இது வழக்கமாகிவிட்டது. போகப்போக பெரியப்பா கோபத்தை விட்டு, என்ன மீன் என்று விசாரிக்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மீசையைக் கொடுத்தது எங்கள் வீடு, நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அந்த வீட்டில். எங்கள் வாசல் வழியாகத்தான் சைக்கிள் போகும், மணி அடிப்பார், கையைத் தூக்குவார், அவ்வளவுதான். மறுநாள் கிணற்றடியில் எஸ்தர், பாத்திரம் கழுவுகிற சாக்கில், "ஐயரு எனக்க தலைல கையி வச்சு ஜெபிச்சாரு, கேட்டியாட்டி? சங்கீதம் முழுசும் சொன்னேன், ஒரு எடத்துலயும் தட்டல்ல" என்பாள். அதே சங்கீதத்தை நான் அவளுக்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தேன்; கேட்கத்தான் ஆள் வரவில்லை. ஐயரைத் திட்டுகிறவர்கள் வீட்டுக்குத்தான் ஐயர் வருவார் என்றால், அப்பாவும் கொஞ்சம் திட்டினால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அகப்பையை ஓங்கினாள். ஆனால் அடிக்கவில்லை, அவளுக்கும் அதே நினைப்பு இருந்திருக்கும்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, ஐயர் கையிலிருந்து அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நாள். அன்று மதியம் ஐயருக்கும் ஐயரம்மாவுக்கும் ஒரு வீட்டில் சாப்பாடு, முறை வைத்து. வருகிற முதல் ஞாயிறு எங்கள் முறை. அதற்கென்று ஒரு கோழியை நான் தவிடும் சோறும் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியம் கோழி சட்டிக்குள் போனது. சாயங்காலம் எல்லாரும் ‘ஆயத்த ஆராதனை’க்குப் போனோம். மறுநாள் திருவிருந்துக்கு வருகிறவர்கள் முந்தின நாளே மனதைச் சுத்தம் பண்ணவேண்டும், யாரோடாவது பகை இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் சபையின் முறை. தீர்க்காதவனைத் திருவிருந்துப் பந்தியில் சேர்க்காமல் நிறுத்திவைக்கிற அதிகாரம் ஐயருக்கு உண்டு. நிறுத்தப்போகிறார், பெரியப்பாவை நிறுத்தப்போகிறார் என்று நான் ஆசையோடு இருந்தேன்.

ஆராதனை முடிந்து வாசலில் ஐயர் கூப்பிட்டது அப்பாவை.

"அண்ணன்கிட்ட பேசாம நாளைக்குப் பந்திக்கு வராதயும்" என்றார்.

அப்பா மீசை இருந்த இடத்தைத் தடவினார். "உமக்காகத்தானே ஐயரே நான் சண்டை போட்டேன்?"

"எனக்காகச் சண்டை போடும்ணு நான் சொன்னனா? உம்ம அண்ணன் எனக்க மேல குத்தம் சொன்னாரு, அது எனக்குத் தாங்கும். எனக்காக நீரு அண்ணன விட்டீரு, அதுதான் எனக்குத் தாங்கமாட்டேங்கு."

குரல் உயரவில்லை. அப்பா வீட்டைப் பார்த்து நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: பந்தியில் சேர்க்காதவன் வீட்டில் ஐயர் சாப்பிட வருவாரா, இந்தக் கோழியை என்ன செய்ய? எங்கள் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் வேறு கேள்வி இல்லை.

மறுநாள் திருவிருந்துக்கு ஆட்கள் வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். அம்மா போனாள். அப்பா பெஞ்சில் தைத்துவைத்த மாதிரி இருந்தார். பெரியப்பா பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடக் குனிந்தவர், தம்பி வந்திருக்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். காணவில்லை. நிமிர்ந்து திரும்பி, இத்தனை பேர் நடுவில் ஆண்கள் பக்கம் நடந்துவந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார். ஐயர் அப்பத்தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே காத்திருந்தார். பாட்டு நின்றுவிட்டது.

"எந்திரிலே" என்றார் பெரியப்பா.

அப்பா நிமிரவில்லை. "எனக்க மீசை?" என்றார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைத்திருப்பார். கடைசிப் பெஞ்சுவரை கேட்டது.

"வளரும்லே. நான் சிரிச்சது தப்புதான். வா."

அண்ணன் கையைப் பிடித்துத் தூக்கினார், தம்பி எழுந்தார். இரண்டு பேரும் சேர்ந்து போய் முழங்கால் போட்டார்கள். ஐயர் முதலில் அப்பாவுக்குக் கொடுத்தார். அதை நான் நன்றாகப் பார்த்தேன், எஸ்தரும் பார்த்தாளா என்று பார்த்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் கடவுள். மதியம் ஐயரும் ஐயரம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வருகிற வழியில் பெரியப்பா குடும்பத்தையும் ஐயரே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஐயருக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் எஸ்தர். நான் வளர்த்த கோழியின் ஈரல் யார் இலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கடைசிவரை சங்கீதம் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டியாகிவிட்டது. சுவரில் பெரிய திரை, அதில் பாட்டு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை விட்டதும் மீன் வண்டியைச் சுற்றிக் கூட்டம். போனில் சொன்னால் பிரியாணி வாசலுக்கே வருகிறது, நானும் சாப்பிடுகிறேன், குறை சொல்லமாட்டேன். ஐயருக்குச் சாப்பாட்டு முறை இல்லை, அடுத்த கோயிலுக்குக் கார் புறப்பட்டுவிடும். திருவிருந்துக்கு யாரையும் யாரும் நிறுத்துவதில்லை, நிறுத்தினால் வக்கீல் வருவார். போன வருடம் சபைக்கூட்டத்துக்கு வாசலில் போலீஸ் நின்றது. குறை சொல்கிறவர்கள் யாரும் எழுந்து நிற்பதில்லை; பெயர் போடாமல் போன் குழுவில் எழுதுகிறார்கள், அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள். அதைப் பற்றி இப்போதுள்ள ஐயரிடம் கேட்டால், எதற்கும் பதில் சொல்லக்கூடாது என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்கிறார். பாவம், நல்ல பிள்ளைதான். வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பழக அவருக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

எஸ்தர் இரணியலில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவள்மேல் இருந்த பொறாமை வயதோடு கரைந்துவிட்டது, முக்கால்வாசி. இப்போது நான் பொறாமைப்படுவது என் அப்பாவைப் பார்த்துத்தான். அவருக்கு நேர் எதிரே நின்று சண்டை போட ஒரு அண்ணன் இருந்தார். உனக்கு நாளைக்குப் பந்தி இல்லை என்று சொல்கிற ஒரு ஐயர் இருந்தார். சொன்ன பிறகும், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்து நின்றார்.