வாசலில் நின்று கொடுத்த முன்னறிவிப்பு

உங்கள் சமையலறை சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்க ஒருவர் வருகிறார். அவர் வரும் நாளை நீங்களே குறிக்கிறீர்கள். அவரை ஏற்றி வர வண்டியையும் நீங்களே அனுப்புகிறீர்கள். அவர் கண்ணில் ஒரு கரப்பான் பூச்சியாவது படுமா?

மலேசியாவில் சுங்கை வே என்ற ஊரைச் சேர்ந்த மாரியாயிக்கு இந்தச் சந்தேகம் குழுவில் சேர்ந்த முதல் நாளே வந்துவிட்டது. இருபத்தாறு வருடம் பெயிண்ட் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றதும், லாக்கப்புகளைப் பார்வையிடும் ஐவர் குழுவில் பொதுமக்கள் சார்பாக ஓர் இடம் கிடைத்தது. குழுவின் பெயரில் ‘சுயேச்சை’ என்ற சொல் இருந்தது, மற்றதெல்லாம் போலீஸ் இலாகாவுடையது. தலைவர் சீவரத்தினம் அதே இலாகாவில் ஓய்வு பெற்றவர். வேன் இலாகாவுடையது. அறிக்கையும் முதலில் அங்கேதான் போகும்.

போகிற இடமெல்லாம் சுவர் பளபளத்தது. மாரியாயி விரலால் தொட்டுப் பார்த்து எழுதுவார்: “சுவர் மிகத் தூய்மை. பெயிண்டின் வயது நான்கு மணி நேரம்.” தலைவர் ஒவ்வொரு முறையும் அந்த வரியை அடித்துவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, இவர் குழுவில் இருப்பதைக் கேள்விப்பட்டு வாணி என்ற பெண் வீடு தேடி வந்தாள். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அவள் கணவன் குரு சனிக்கிழமையிலிருந்து லாக்கப்பில். சர்க்கரை நோயாளி.

“இன்சுலினை கவுண்டர்ல குடுத்தேன்கா. போட்டாங்களான்னு கேட்டா, நாளைக்கு வாங்கன்னு சொல்றாங்க.”

மாரியாயி உடனே தலைவருக்குப் போன் செய்தார்.

“அவசரப்படாதேங்கோ,” என்றார் சீவரத்தினம். “முன்னறிவிப்புக் குடுக்க வேணும். வேன் வியாழக்கிழமைதான் கிடைக்கும்.”

“வியாழக்கிழமைக்குள்ள பெயிண்ட் காஞ்சிடும் சார். ஆளு இருப்பாரான்னுதான் தெரியல.”

பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஓர் உறுப்பினர் தனியாகப் போகலாம். முன்னறிவிப்பு தர வேண்டும். எவ்வளவு முன்பு என்று எங்கேயும் எழுதவில்லை! வாணியோடு கிராப் டாக்சி பிடித்து லாக்கப் வாசலில் இறங்கினார். குழு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போன் போட்டார்.

“குழுவிலேருந்து மாரியாயி பேசறேன். இன்னிக்கு விசிட்.”

“எத்தன மணிக்கு ஆன்டி?” என்றார் கவுண்டரில் குனிந்திருந்த கார்ப்பரல் ஜீவன்.

“கொஞ்சம் தலையத் தூக்குங்க தம்பி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.”

“ஐயோ, இப்படி வரக்கூடாதுலா! சொல்லிட்டு வரணும்!”

“சொல்லிட்டேனே! மணியக் குறிச்சுக்குங்க, பத்து பத்து. பத்து பன்னண்டுக்கு உள்ள வரேன்.”

அன்று சுவர்கள் தங்கள் உண்மையான வயதில் இருந்தன. இன்சுலின் பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரி மேல் வெயில் காய்ந்தது. குரு சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. மாரியாயி போட்ட சத்தத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் மருத்துவர்.

இலாகாவும் சுறுசுறுப்பாக இயங்கியது. விதியில் ‘ஏழு நாள்களுக்கு முன்’ என்று சேர்த்தது. மாரியாயியின் சேவைக்கு நன்றியும், சேவை முடிந்த செய்தியும் ஒரே உறையில் வந்தன. இப்போது அவர் பிரிக்பீல்ட்ஸில் மேசை போட்டு ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறார்.

அவர் கேட்பது அதிகமில்லை. கண்காணிப்பவர்களை நாடாளுமன்றம் நியமிக்கட்டும். இலாகா நியமிக்க வேண்டாம். எந்த நேரமும் கதவைத் தட்டும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கட்டும். அறிக்கை நேரே மக்களிடம் வரட்டும். இதை நாலு வரியில் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இன்றே எழுதுங்கள். பதில் வராவிட்டால், அடுத்த வாரமும் எழுதுங்கள்.