கீழ போறேன்னு சொன்னா

மகளை ஆறாவதில் எங்கே சேர்ப்பது என்று அம்மணி அலைந்த அலைச்சல், மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அலைந்திருக்க மாட்டார்கள். பார்த்த இரண்டும் அரசுப் பள்ளிதான். இரண்டிலும் ஃபீஸ் கிடையாது, இரண்டிலும் மதியம் முட்டையோடு சாப்பாடு. ஆனாலும் காப்பி எஸ்டேட்டில் களை வெட்டுகிற அம்மணி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டையும் போய்ச் சுற்றிப் பார்த்தாள்.

ஒன்று, அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லயன் வீடுகளுக்குக் கீழே, ஓடையைத் தாண்டி இருந்த நடுநிலைப் பள்ளி. மகள் வெண்ணிலா ஐந்தாவது வரை அங்கேதான் படித்தாள். எட்டாவது வரை உண்டு. ஆனால் மழை வந்தால் இரண்டு மூன்று வகுப்புகள் ஒரே அறையில் ஒதுங்கும். போகிற வழியோ காப்பிச் செடிக்குள் ஒற்றையடிப் பாதை, எந்தத் திருப்பத்தில் காட்டெருமை நிற்கும் என்று சொல்ல முடியாது. போன வருஷம் வரை கூடப் போகப் பெரிய பிள்ளைகள் இருந்தார்கள். இந்த வருஷம் லயனிலிருந்து அந்தப் பக்கம் போக வேறு பிள்ளையே இல்லை.

இன்னொன்று ஏற்காடு டவுனில் இருந்த மேல்நிலைப் பள்ளி. பஸ் லயன் முக்கிலேயே நிற்கும். பாடத்துக்கு ஒரு வாத்தியார், கம்ப்யூட்டர் அறை, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு உருப்படியான தாழ்ப்பாள். எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதுகிற ரைட்டரின் மகளே அங்கேதான் படித்தாள். அம்மணிக்கு வேறென்ன வேண்டும்? தன் மகள் கையில் களைக்கொத்து ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

கீழ்ப் பள்ளி டீச்சர் லூர்துசெல்வி வீடு தேடி வந்தார். “எட்டாவது வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டுங்க அம்மணி. அப்பறம் நானே டவுன்ல சேத்தி உடறனுங்க.”

பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் வந்திருக்கிறார் என்று அம்மணிக்குப் பட்டது. பட்டதை விழுங்கத் தெரிந்தவளா அவள்? “ஏனுங்க டீச்சர், ஆள் புடிக்க எம்புள்ளதான் கெடச்சாளுங்களா?” என்று கேட்டேவிட்டாள். டீச்சரின் முகம் சுண்டிப்போனது. கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

வெண்ணிலாவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டவுன் பள்ளியில் சேர்த்துச் சில வாரம் ஆகியிருக்கும். அன்று சாயங்காலம் பஸ் வந்து நின்றது, பிள்ளைகள் இறங்கினார்கள், பஸ் போய்விட்டது. வெண்ணிலா இறங்கவில்லை. மூடுபனி ரோட்டை மூடிக்கொண்டிருந்தது. அம்மணி கையில் ஒட்டிய மண்ணோடு, வந்த ஜீப்பை மறித்து ஏறி டவுனுக்குப் போனாள்.

பள்ளியில் இருந்த சார் பதிவேட்டைப் புரட்டினார். “வந்திருக்காளே. காலைலயும் இருக்கா, மதியமும் இருக்கா.”

“அப்ப எங்கீங்க எம்புள்ள?”

பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த அபிஷா, வெண்ணிலாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள், அழ ஆரம்பித்தாள். “நான்தான் சார் அவளுக்கும் சேத்தி ‘உள்ளேன்’னு சொன்னேன். நாளைக்குக் கீழ போறேன், யாருகிட்டயும் சொல்லாதன்னு நேத்தே சொன்னா.”

மலையில் ‘கீழ’ என்றால் சேலம். கல்யாணத்துக்குத் துணி எடுக்கவும் கீழ, பெரிய ஆஸ்பத்திரிக்கும் கீழ. அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அந்தப் பெரிய பஸ் ஸ்டாண்டில், தனியாக ஒரு சின்னப் பிள்ளை! அம்மணி ஓடினாள். சேலம் பஸ் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“யூனிபாரம் போட்ட புள்ளைக எத்தனையோ ஏறுதுங்கக்கா. நான் யாருன்னு பாக்கறதுங்க?”

அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். வேண்டாத சாமியெல்லாம் வேண்டினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பியபோது மடியில் இருந்த போன் அடித்தது.

“அம்மணிங்களா? லூர்துசெல்வி பேசறேன். காலைல இருந்து அடிக்கறனுங்க, உங்க போனு போகவே மாட்டேங்குது. வெண்ணிலா எங்க ஸ்கூல்லதான் இருந்தா. இப்ப உங்க ஊட்லதான் இருக்கறமுங்க.”

பஸ்ஸில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அம்மணி ஓவென்று அழுதாள். கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார்.

வீட்டு வாசற்படியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். சேலை முழங்கால்வரை நனைந்து சேறாக இருந்தது. அந்தக் காட்டெருமைப் பாதையில் பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார். அம்மணி மகளை ஓங்கி ஒன்று வைத்தாள், வைத்த கையோடு இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

“ஏங்கண்ணு இப்படிப் பண்ணுன?”

“கீழ ஸ்கூலுக்குப் போறேன்னுதாம்மா அவகிட்டச் சொன்னேன்.” வெண்ணிலா தேம்பினாள். “டவுன் ஸ்கூல்ல நான் போனாலும் ஒண்ணுதாம்மா, போகாட்டியும் ஒண்ணுதாம்மா.”

டீச்சர் எழுந்தார். “அங்க படிப்பு நொம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி, பொய் சொல்லக் கூடாது. நாளைக்கு நீங்களே கூட்டிட்டுப் போயி கிளாஸ் டீச்சர்கிட்டப் பேசுங்க. பழகிக்குவா.”

ஆள் பிடிக்க வந்தவர் பேசுகிற பேச்சா இது? அம்மணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “டீயாச்சும் குடிச்சுட்டுப் போங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். டீச்சர் இந்தத் தடவை குடித்தார்.

மறுநாள் காலையில், “எங்க சாமி போற?” என்று மகளைக் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

“கீழ.”

அம்மணி ஒரு தகரத்தையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு, காட்டெருமை இருந்தால் விலகட்டும் என்று தட்டிக்கொண்டே பாதையில் முன்னால் நடந்தாள். தினமும் இப்படி நடக்க வேண்டும், தினமும் வேலைக்குப் பிந்தி ரைட்டரிடம் பேச்சு வாங்க வேண்டும். வாங்கிக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்தில் விட்டும் அவள் போகவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெண்ணிலாவின் டி.சி. இன்னும் டவுனில் இருக்கிறது, பதிவேட்டில் அவள் பெயரே கிடையாது. இருக்கிற பெயரெல்லாம் தீர்ந்ததும் டீச்சர் பதிவேட்டை மூடினார். மூடிவிட்டு, “வெண்ணிலா” என்று கூப்பிட்டார்.

“உள்ளேன் டீச்சர்!”

மகளின் குரல்தான் என்று தெரிந்த பிறகே அம்மணி வேலைக்குக் கிளம்பினாள்.