சென்னப்பன் பழுக்க வைத்த கண்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் வியாபாரி சென்னப்பனைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் அவரைப் பிடித்தவர்கள் யாராவது உண்டா என்று நான் இதுவரை விசாரிக்கவில்லை. வெள்ளைச் சட்டை, மேல்பையில் இரண்டு போன், விடிந்ததும் ஊருக்கே புத்தி சொல்ல ஆரம்பித்துவிடும் வாய். தக்காளியைப் பார்த்ததுமே, இது சென்னைக்குத் தாங்கும், இது சேலத்தோடு சரி என்பார். சொன்னது பலிக்கும். அதுதான் கேடு. தக்காளியில் பலித்ததால் மழை, ஜாதகம், மருந்து, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றிலும் தன் வாக்கு பலிக்கும் என்று அந்த மனிதர் நம்பிவிட்டார்.

நான் சகாயமேரி. அதே ஊரில் ஒரு சின்னக் கண் பரிசோதனை மையத்தில் பார்வை அளக்கிறேன். சென்னப்பனின் மகள் அன்பரசியை அவளுடைய இரண்டரை வயதிலிருந்து எனக்குத் தெரியும். வலது கண்ணில் புரை. வெளியூர் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

பெரியவர்களுக்கு வைப்பதுபோல அன்றைய அளவுக்குச் சரியாக வைத்தால் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. கண் வளரும். வளர்ந்தால் இன்றைக்குச் சரியான பவர் நாளைக்குத் தப்பாகிவிடும். அதனால் அந்தக் கண் பிற்காலத்தில் எவ்வளவு நீளம் வரும் என்று கணித்து, இப்போதைக்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்து வைப்பார்கள். குறைவதைக் கண்ணாடி ஈடுகட்டும். கண்ணாடியின் பவர் இப்போது பிளஸ் மூன்று, ஏழு வயதில் பிளஸ் அரை என்று மருத்துவர் கோப்பில் எழுதியிருந்தார். அதுவரை கண்ணாடி கட்டாயம். தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூடி, வலது கண்ணைப் பார்க்கப் பழக்க வேண்டும்.

இதைச் சென்னப்பனுக்கு விளக்க வேண்டி வந்தது என் தலைவிதி.

"ஏம்மா, ஆபரேசன் பண்ணியும் சோடாபுட்டியா? அரைகுறையா வச்சு அனுப்பிட்டாங்கன்னு சொல்லு."

"அரைகுறை இல்லீங்க. கண்ணு வளருமில்லீங்களா, அதுக்கு எடம் உட்டு வச்சிருக்காங்க. வளர வளர பவர் தானா எறங்கிரும்."

அந்த மனிதரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. முகம் மலர்ந்துவிட்டது.

"செங்காய்னு சொல்லு! லாரில ஏத்தி உட்டா சென்னை போறதுக்குள்ள தானா பழுக்குது. அதுக்கு எவன் கண்ணாடி மாட்டறான்?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி மணிமேகலை, "அக்கா சொல்றத முழுசா கேளுங்களேன்" என்றாள். நீ சும்மா இரு என்று ஒரு அதட்டல். அத்தோடு அந்த வீட்டில் கண் வைத்தியம் முடிந்தது.

மணிமேகலை அவருக்குத் தெரியாமல் சில நாள் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டுவிட்டிருக்கிறாள். அதையும் கண்டுபிடித்து, சட்டைப்பையில் போட்டு மார்க்கெட்டுக்கே எடுத்துப்போய்விட்டார். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று ஒரு கவலை வேறு. மூன்று வயதுக் குழந்தைக்கு! நான் போன் செய்யும்போதெல்லாம் ஒரே பதில்: "வூட்ல ஓடியாடி டிவி பாக்குதும்மா, நீ உன் வேலையப் பாரு." ஓடியது, பார்த்தது எல்லாம் இடது கண்ணின் தயவில். அந்தக் கண்ணை ஒரு நிமிடம் மூடிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். நேரமில்லையாம். தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து அடியில் கிடக்கும் பழத்தைப் பார்க்காமல் ஒரு லோடு எடுக்கமாட்டார், இந்த மகா புத்திசாலி.

போன மாதம் பள்ளியில் கண்களைச் சோதித்துவிட்டுக் கடிதம் கொடுத்து அனுப்பியதால் வேறு வழியில்லாமல் அழைத்து வந்தார். அன்பரசிக்கு ஏழு முடிந்திருந்தது. முதலில் கருவியில் வலது கண்ணை அளந்தேன். பிளஸ் அரை. மருத்துவர் எழுதியது அச்சாக அப்படியே நடந்திருந்தது.

"எவ்வளவு?"

"அரைங்க."

மேசையைத் தட்டினார். "பாத்தியா! போன் பண்ணிப் பண்ணி உசுர எடுத்தியே, இப்ப என்ன சொல்ற?" பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அன்பரசியைப் பலகைக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த அரை பவர் கண்ணாடியை மாட்டி, இடது கண்ணை மறைத்து, பலகையின் மேல்வரியைக் காட்டினேன். அதில் இருப்பது ஒரே ஒரு பெரிய எழுத்து.

"என்ன எழுத்து சாமி?"

அன்பரசி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "கருப்பா என்னமோ இருக்குங்க அக்கா."

நாற்காலியைப் பாதி தூரத்துக்கு நகர்த்தினேன். அப்போதும் அதே பதில்தான்.

"வெளையாடாத பாப்பா, சொல்லு" என்றார் சென்னப்பன். பிறகு என் பக்கம் திரும்பினார். "பவர் சரியாயிருச்சுன்னியே?"

"கண்ணு சரியாத்தாங்க வளந்திருக்கு. அத வச்சுப் பாக்கத்தான் பாப்பா கத்துக்கல. கத்துக்கற வயசுல கண்ணாடி உங்க பாக்கெட்ல இருந்துச்சு."

"இன்னொரு ஆபரேசன் பண்ணிரலாம். எந்த ஊரா இருந்தாலும் செரி."

"பண்றதுக்கு அந்தக் கண்ணுல குறையே இல்லீங்க."

இப்போதாவது நல்ல கண்ணை மூடிப் பழக்கினால் கொஞ்சம் திரும்பலாம், முழுதாகத் திரும்புவது கஷ்டம் என்றேன். சென்னப்பன் மேல்பையைத் தடவினார்; இரண்டு போன்தான் இருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வருகிறதா என்று காத்திருந்துகூடப் பார்த்தேன்.

அன்பரசி இன்னும் இடது கண்ணை மறைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அப்பா ஏன் பேசவில்லை என்று அவளுக்குப் பயம்.

"அக்கா, நா இன்னொருக்கா நல்லா பாத்துச் சொல்லட்டுங்களா?"