ஆள் சேர்க்கும் அக்கா

சட்டைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் பஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைப்பது அவள் வேலையல்ல. தைக்க ஆள் சேர்த்து வருவது. கம்பெனி பஸ்ஸில் கிராமம் கிராமமாகப் போவாள். ஒரு துண்டு நிலத்தை ஆறு பேர் கொத்திக்கொண்டிருந்த வீடுகளில் இரண்டு பேரைக் கேட்டால் மூன்று பேர் ஏறுவார்கள். அத்தனை பேர் போயும் வயலில் விளைச்சல் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை; இங்கே சட்டை மலையாகக் குவிந்தது. ஆண்டுக்கு ஒரு புதுத் தையல் கூடம் எழும்பியது. நாடே குதிரைப் பாய்ச்சலில் போகிறதென்று பத்திரிகைகள் எழுதின. முதலாளி இந்த வளர்ச்சியைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார். அவளோ தன் வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்தாள்.

பதினாறாம் ஆண்டு, மூன்று நாள் சுற்றி நான்கு பேரோடு திரும்பினாள்.

"என்னம்மா, ஊரே தூங்குதா?" என்றார் முதலாளி.

"ஊர்ல கிழடு கட்டைங்கதான் இருக்குங்க. மத்தவங்களை எல்லாம் நான்தானே ஏத்திட்டு வந்துட்டேன்."

"சம்பளத்தைக் கூட்டிக் கேளு."

"கூட்டியாச்சு. பக்கத்துக் கம்பெனிக்காரனும் கூட்டுறான். இருக்கிற ஆளையே மாத்தி மாத்தி இழுக்கிறோம்."

முதலாளி புது மெஷின்கள் வாங்கினார். முன்பு கையால் வெட்டிய இடத்தில் மெஷின் வந்தபோது உற்பத்தி இரட்டிப்பானது. இப்போது மெஷினுக்குப் பதில் இன்னொரு மெஷின்; கூடியது கொஞ்சம்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

துணி வடிவமைப்புப் படித்திருந்த அவள் மகள், தான் வரைந்த பதினொரு சட்டைகளை முதலாளி மேசையில் பரப்பினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வரையறவங்க வெளிநாட்டுல இருக்காங்கம்மா. அவங்க அனுப்புறதைத் தைச்சுக் குடுக்கிறதுதான் நம்ம பொழப்பு."

தைத்துக் கொடுக்க மலிவான ஆட்கள் வேறொரு நாட்டில் கிடைத்தார்கள். அங்கே போக மெஷின்கள் பெட்டிகளில் ஏறின. "அங்கயும் உன்னை மாதிரியே ஒருத்தி கிடைச்சிருக்கா, நல்ல வாய்," என்று முதலாளி அவளிடமே சிரித்துக்கொண்டு சொன்னார்.

கடைசி நாள் வாசலில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கூட்டிட்டு வரத் தெரிஞ்சுதில்ல? திருப்பிக் கொண்டு போய் விடுங்க!"

"நிலத்தை வித்துட்டு வந்தோமே, எங்க போய் இறங்கச் சொல்றீங்க?"

"எனக்கும் இன்னியோட வேலை போச்சுடி," என்றாள். யாரும் நம்பவில்லை. ஒருத்தி அவள் காலடியில் துப்பினாள்.

இப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கிறாள். மகள், வரைபவர்கள் இருக்கும் நாட்டுக்கே போய்விட்டாள். அங்கே ஒரு கடையில் சட்டை மடித்து அடுக்குகிறாளாம்.