தன் தீர்ப்பைத் தானே மறுத்த சந்தியாகு

சந்தியாகு அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் தூத்துக்குடியில் ஒரு கிக் பாக்ஸிங் போட்டியில் விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தோற்றதாக அறிவிக்கப்பட்ட பெண்ணின் தகப்பனார் நடுவர் மேசை முன்னால் நின்று, "எம் மவ எதுல கொறஞ்சு போனான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போயிருதேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இருந்தவர்கள் சீட்டுகளை அடுக்கி உறையில் போட்டார்கள். அப்போதுதான் அண்ணனின் மகள் ரோஸ்லின் போனில் அழைத்தாள். "அப்பா போயிட்டாவ மாமா. காப்பி குடிச்சாவ, பேப்பர் கேட்டாவ. எடுத்துட்டு வாரதுக்குள்ள போயிட்டாவ."

இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரியும். வம்பு பிடித்த மனுஷன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வம்பு பிடித்தவர்தான். அந்த வம்பைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அவர் சங்கு குளித்தவர். கடலுக்கடியில் போய்ப் போய் வலது காது அடியோடு கேட்காமல் போயிற்று. இடது காதில், பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னால் விழும். இளவயதில் கப்பலில் வந்தவர்களோடு மோதிக் குத்துச்சண்டை பழகினார். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்க் குத்துச்சண்டைச் சங்கம் போட்டிகள் நடத்தியபோது அவரும் நானும் ஜட்ஜுகள். நான் ஒரு லாரி ஷெட்டில் புக்கிங் குமாஸ்தா. மேடைக்குள் நின்று ஆட்டத்தை நடத்துபவர் ஒருவர். வெளியே மூன்று பக்கங்களில் உட்கார்ந்து, சுற்றுக்குச் சுற்று மார்க் எழுதுபவர்கள் மூன்று பேர். மூன்று சீட்டில் இரண்டு யார் பக்கமோ அவருக்கு வெற்றி.

மூடிய கையின் முட்டிப் பக்கம் முகத்திலோ உடம்பிலோ சுத்தமாக விழுந்தால்தான் அது அடி. உள்ளங்கையால் அறைவதும், தடுத்த கையில் படுவதும் சேராது. ஆனால் கூட்டத்தைக் கிளப்புவது அவைதான், ஏனென்றால் அவைதான் படார் என்று கேட்கும். "சத்தத்துக்கு மார்க் போடாதல கணேசா, எங்க விழுந்துச்சுன்னு பாரு" என்று ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் அண்ணன் என்னிடம் சொல்வார். மணி அடிப்பதுகூட அவருக்குக் கேட்காது. மணி அடிப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை இரண்டு சுற்றுகளுக்கு நடுவில், சங்கச் செயலாளரின் ஆள் ஒருவர் குனிந்து அவருடைய வலது காதில் ஏதோ கிசுகிசுத்தார். அண்ணன் நாற்காலியைத் திருப்பி, மைதானமே கேட்க, "என்னது? யாருக்கு ரெண்டு மார்க் கூட்டணும்? சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் காது கேக்காதுல்லா!" என்றார். வந்தவர் போன இடம் தெரியவில்லை. அன்று அவருக்கு உண்மையிலேயே எவ்வளவு கேட்டது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சிரிப்பாரே தவிர, சொன்னதில்லை.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது ஓர் இறுதிப்போட்டி. கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் பலகை மேடை, கப்பல் கயிறு. ஒரு பக்கம் ராயப்பன். அண்ணனின் தெருக்காரன், அதே மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவன். எதிரே உப்பளத்தில் வேலை பார்த்த சுடலைமுத்து. முதல் சுற்று ஒருவனுக்கு, இரண்டாவது மற்றவனுக்கு என்று போயிற்று. மூன்றாம் சுற்றில் ராயப்பனின் கை, சுடலைமுத்துவின் தடுத்த கைகளில் படார் படார் என்று விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் தெருவே எழுந்து நின்றது. சுடலைமுத்துவின் குத்துகள் சத்தமில்லாமல் விலாவில் போய் இறங்கின.

இரண்டுக்கு ஒன்று என்று ராயப்பன் கையைத் தூக்கினார்கள். அண்ணன் திடுக்கிட்டு எழுந்தார். நேராக மேசைக்குப் போய்த் தன் சீட்டை வாங்கிப் பார்த்தார். சீட்டில் பெயர் இருக்காது, இடுப்பு நாடாவின் நிறம்தான் இருக்கும். முந்தின நாள் அரையிறுதியில் சுடலைமுத்து இடுப்பில் சிவப்பு நாடா, இன்றைக்கு நீலம். கடைசிச் சுற்றின் மார்க்கை அண்ணன் பழைய நினைப்பில் சிவப்பில் எழுதிவிட்டார். சிவப்பு இப்போது ராயப்பன்.

"தலமாத்தி எழுதிட்டேன். இந்தச் சீட்டு சுடலமுத்துக்கு" என்றார்.

செயலாளர் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அறிவிச்சாச்சு சந்தியாகு. உங்க கை தப்புனது உங்களோட இருக்கட்டும். உங்க தெருப்பையந்தானய்யா, பேசாம இரும்."

அண்ணன் கயிற்றை விலக்கி மேடை ஏறினார். ஒலிபெருக்கி தரவில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. "ஜெயிச்சது சுடலமுத்து. நான் தப்பா எழுதிட்டேன்" என்று நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார். மணலும் செருப்பும் வந்து விழுந்தன. ராயப்பன் அவர் இடது காதருகே வந்து கத்தினான்: "எண்ணே, நம்ம தெருவுல இருந்துகிட்டு எனக்கே இப்படிச் செய்யலாமா?"

"தெருவுலதான் இருக்கேன். கயித்துக்கு உள்ள எனக்குத் தெரு கெடையாதுல."

அவருடையது ஒரு சீட்டு. ராயப்பனுக்கு விழுந்த இன்னொரு சீட்டு என்னுடையது. என் கை தவறவில்லை. விலாவில் விழுந்த குத்துகளைப் பார்த்தேன், எண்ணினேன், பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ராயப்பனுக்கு எழுதினேன். செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தபோது, "நான் பாத்தபடிதான் எழுதினேன்" என்று சொன்னேன்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் அண்ணனை நீக்கினார்கள். சொன்ன காரணம், காது. "காது கேக்காத ஆள ஜட்ஜா வச்சிருக்கது நமக்குத்தான் கேவலம்" என்றார் செயலாளர். அண்ணன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத்தன வருசமா கேக்காத காது, தப்புன்னு சொன்ன பொறவுதான் உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கும்" என்று கேட்டுவிட்டு வெளியேறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை சைக்கிள் மிதிக்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து உப்பளத்துக்கு வந்தார். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த சுடலைமுத்து நிமிர்ந்தான்.

"கப்பு வந்துருமா அண்ணாச்சி?"

"வராது."

"பொறவு எதுக்கு வந்திய?"

"நீ தோக்கலன்னு உனக்குத் தெரியும். எழுதுன எனக்கும் தெரியும். அத மூஞ்சியப் பாத்துச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்லா, அதுக்கு வந்தேன்."

சுடலைமுத்து பாத்தியை விட்டுக் கரையேறினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பதநீ குடிச்சிட்டுப் போங்க" என்றான்.

திரும்பும் வழியில் அண்ணன் பின்னாலிருந்து கேட்டார்: "உன் சீட்டுல என்னல எழுதின?"

முணுமுணுத்தேன். "கேக்கல" என்றார். மறுபடி சொன்னேன். "காத்து அடிக்கி, கேக்கல." அந்த மனுஷனிடம் எதையும் ரகசியமாக ஒப்புக்கொள்ள முடியாது. சைக்கிளை நிறுத்தி, அவர் இடது காதுப் பக்கம் போய்க் கத்தினேன்: "கூட்டத்தப் பாத்துப் பயந்து பொய்யா எழுதினேன் அண்ணே!" இரண்டு பக்கமும் உப்பளத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் திட்டவில்லை. "இத அன்னைக்கி மேடையில சொல்லியிருந்தா ரெண்டு பேரா நின்னுருப்போம்லா" என்றார். மீண்டும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

அதன் பிறகுதான் அவருடைய உண்மையான வம்பு தொடங்கியது. ஒவ்வொரு போட்டிக்கும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கூட்டத்தோடு உட்கார்ந்து, தன் தாளில் மார்க் எழுதினார். மறுநாள் காலை துறைமுக வாசலருகே இருந்த டீக்கடையில், பலகையில் அதை ஒட்டினார். எந்தச் சுற்றில் யாருக்கு எவ்வளவு, ஏன் என்று ஒவ்வொரு வரி. லோடுமேன்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார்கள். யாரோ கிழித்தார்கள், அவர் திரும்ப எழுதி ஒட்டினார். சங்கம் அவருக்கு அனுமதிச் சீட்டு விற்பதை நிறுத்தியது. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஷெட்டிலிருந்து பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்றை மைதானச் சுவரை ஒட்டி நிறுத்த ஏற்பாடு செய்தேன். அண்ணன் பொதிகளின் மேலேறி நின்று எழுதினார். உள்ளே பேட்ஜ் குத்திய சட்டையோடு நான் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவர் தலை தெரியும். அதற்குப் பிறகு நான் ஒரு பொய் மார்க் எழுதவில்லை. எழுதியிருந்தால் மறுநாள் டீக்கடையில் சிரித்திருப்பார்கள்.

கடைசியில் சங்கத்தை மடக்கியது ராயப்பன். அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள் நேர்மையாக ஜெயித்தும், அவனை ஊரில் யாரும் உடனே பாராட்டவில்லை. ஒரு போட்டி நாளில் கையுறை மாட்டாமல் மேடைக்குக் கீழேயே நின்றுவிட்டான். "நான் ஜெயிச்சாலும் டீக்கடப் பலகயப் பாத்துட்டுதான் கை குடுக்கானுவ. உங்க சீட்டையும் எல்லாரும் பாக்க ஒட்டுங்க. இல்லன்னா ஏறமாட்டேன்" என்றான். எதிராளியும் அவனோடு சேர்ந்து நின்றான். கூட்டம் கத்தத் தொடங்கியதும் செயலாளர் இறங்கி வந்தார். அன்றிலிருந்து மூன்று ஜட்ஜுகளின் சீட்டும் ஆட்டம் முடிந்ததும் மேடையருகே பலகையில் ஏறின.

பிறகு அண்ணனைத் திரும்ப அழைத்தார்கள். மன்னிப்புக் கடிதம் ஒன்று மட்டும் வேண்டும் என்றார்கள். "எதுக்கு மன்னிப்பு? தப்பா எழுதுனதுக்கா, தப்புன்னு சொன்னதுக்கா?" என்று கேட்டார். "மொதல்லது சுடலமுத்துகிட்ட கேட்டாச்சு. ரெண்டாவது கேக்க மாட்டேன்" என்று வந்தவர்களை அனுப்பிவிட்டார். சாகும்வரை அந்தப் பேட்ஜ் அவருக்குத் திரும்பி வரவில்லை.

அடக்கத்துக்குச் சங்கத்திலிருந்து மலர்வளையம் வந்தது. இன்றைய நிர்வாகி ஒருவர் கல்லறைத் தோட்டத்தில் இரங்கல் குறிப்பு வாசித்தார். நல்ல பிள்ளை, பழைய கதை அறியாதவர். "பல ஆண்டுகள் நடுவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற..." என்று வரும்போது ரோஸ்லின் குறுக்கிட்டாள்.

"ஓய்வு பெறல தம்பி. நீக்குனாவ. அப்படியே வாசிங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "நடுவராகப் பணியாற்றி, நீக்கப்பட்ட" என்று திருத்தி வாசித்தார். அழுதுகொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த உரத்த குரலை. செய்த தப்பை, யாரும் கண்டுபிடிக்கும் முன், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுகிற குரல். எனக்கு அது வந்து சேர இத்தனை காலம் பிடித்துவிட்டது. இப்போது பயன்படுத்துகிறேன். சங்கத்தாருக்குச் சொல்கிறேன்: உங்கள் பதிவேட்டில் அந்த இறுதிப்போட்டியில் வென்றவர் பெயர் தவறு. மூன்று ஜட்ஜுகளில் ஒருவர் சுடலைமுத்து என்று சரியாக எழுதினார். ஒருவர் கை தவறி எழுதி, அந்த இடத்திலேயே மேடையேறித் திருத்தினார். மிச்சமிருந்த ஒருவன் தெரிந்தே பொய் எழுதினான், அவன் நான். மூன்று சீட்டும் சுடலைமுத்துவுக்குத்தான். திருத்துங்கள்.